தவசிக்கண்ணு மகன்

பாக்காத மாதிரி பாக்காதிய அண்ணாச்சி. ஜெயில் சீலுதான். மணிக்கட்டுல நல்லா அமுக்கிக் குத்தி விட்டுட்டான். நான் ஒண்ணும் தப்பிச்சு வந்த ஆளு இல்ல, தாராளமா சாஞ்சு உக்காருங்க. தப்பிச்சு வாரவன் டவுன் பஸ்ல டிக்கெட் எடுத்துட்டா வருவான்? இது பாக்கப் போனவனுக்குக் குத்துத சீலு. உள்ள இருக்கவனும் வெளிய இருந்து போறவனும் ஒரே மாதிரிதான இருக்கோம், திருப்பி விடும்போது ஆள் மாறிரக் கூடாதுல்லா, அதுக்கு.

யாரைப் பாக்கப் போனன்னு கேக்கணும்போல இருக்கு ஒங்களுக்கு. கேக்க மாட்டிய, மரியாதைப்பட்ட ஆளு. நானே சொல்லிருதேன். எங்க ஊருக்கு இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு, வாய மூடிட்டு இருந்தா எனக்குக் காது அடைச்சுக்கிடும்.

உள்ள இருக்கது எங்க தாய்மாமன். கொம்பையான்னு பேரு. பதினஞ்சு வருஷமா இருக்காரு. எதுக்குன்னா, கொலை. யாரைன்னா, எங்கப்பாவ.

தண்ணி வேணுமா? இந்தாங்க. எல்லாரும் இந்த எடத்துலதான் தண்ணி கேப்பாவ.

எங்கப்பா தவசிக்கண்ணும் மாமாவும் ஒண்ணா லோடு தூக்குனவங்க. பஞ்சு மூடைய ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சு லாரியில ஏத்துவாங்களாம். அவ்வளவு கூட்டாளி. அந்தக் கூட்டுலதான் தங்கச்சியக் கட்டிக் குடுத்தாரு மாமா. எங்கப்பா வேலை நேரத்துல நல்ல மனுசன். வேலை முடிஞ்சா குடி. குடிச்சா எங்கம்மாவ அடி. ஊருக்கே தெரியும். ஒருநாள் ஞாயித்துக்கெழம மத்தியானம் மாமா கறி வாங்கிட்டு வீட்டுக்கு வந்திருக்காரு, எங்கம்மா மண்டை ஒடைஞ்சு ரத்தத்தோட அடுப்பு முன்னால உக்காந்திருக்கா. வாசல்ல கெடந்த வெறகுக் கட்டைய எடுத்தாரு. ஒரே அடி. ஒண்ணுதான். ரெண்டாவது அடிக்கலன்னு கோர்ட்டுலயே சொல்லிருக்காங்க.

பொறவு அவரே எங்கப்பாவத் தோள்ல தூக்கிப் போட்டுட்டு ரோட்டுக்கு ஓடுனாரு. லோடுமேன்லா. ரோட்டுல ஒரு வண்டியும் நிக்கல. அப்படியே தூக்கிட்டு நடந்தாரு, நடந்தாரு, பாதி வழியில கீழ எறக்கிப் பாத்துட்டு நேரா ஸ்டேசனுக்குப் போயிட்டாரு. எனக்கு அப்ப ஏழு வயசு. ரெண்டாப்பு. கறிப் பை வாசல்ல கெடந்துச்சு, நாய் இழுத்துட்டுப் போனது ஞாபகம் இருக்கு. மத்தது எல்லாம் ஊருல சொல்லிக் கேட்டது.

அவருக்கு ஆயுள். எங்கம்மா மூணு வருஷம் அவரைப் போயிப் பாக்கல. ஊருல ஒரு வார்த்தை பேசல. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குத வேலை உண்டு, வீடு உண்டு. பொறவு ஒருநாள் ஒரு சீப்பு வாழைப்பழத்த வாங்கிட்டுக் கெளம்பிப் போனா. அதுலேருந்து மாசம் ஒருக்க. ஜெயில்ல பாக்கப் போறதுக்கு மனுன்னு பேரு. 'நாளைக்கு மனுவுக்குப் போறேன்'னு சொல்லுவா, ரேசன் கடைக்குப் போறேன்னு சொல்லுத மாதிரி. என்னையக் கூப்புட மாட்டா. நானும் கேக்கல.

இப்ப எனக்கு இருவத்திரண்டு. பாலிடெக்னிக்குல ரெண்டாவது வருஷம் வரைக்கும் போனேன், பொறவு பாலிடெக்னிக் என்னைய வேண்டாம்னுச்சா, நான் அத வேண்டாம்னேனான்னு இன்னும் வழக்கு முடியல. ஃப்ளெக்ஸ் கடையில இருந்தேன். செல் கடையில இருந்தேன். குட்டியானை லோடு வண்டி ஓட்டுனேன். எங்கயும் மூணு மாசம் தாண்டுனதில்ல. ஆனா ஜெபராஜ் டீக்கடையில மட்டும் நாலு வருஷமா பெர்மனென்ட். அங்க நாலு பயலுவ எனக்காவக் காத்துக் கெடப்பானுவ. நான் வாயத் தொறந்தா டீ ஆறிரும், ஒருத்தனும் குடிக்க மாட்டான், சிரிச்சுக்கிட்டே இருப்பான்.

எங்க ஊருல ஒரு பேச்சு உண்டு அண்ணாச்சி. சின்ன வயசுலேருந்தே உண்டு. 'ஏல இசக்கி, ஒங்கப்பன அடிச்சவன் வெளிய வந்தா என்னல செய்வ?' ஒம்பது வயசுல கேட்டானுவ, பதினாலு வயசுல கேட்டானுவ. அப்பனைக் கொன்னவன் உசுரோட இருக்கான், மகன் மீசை முளைச்சு நிக்கான், ஊருக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கும்லா. முதல்ல நான் அழுதுட்டு ஓடிருவேன். பொறவு ஒரு பதில் கண்டுபுடிச்சேன். அந்தப் பதிலச் சொன்னா சிரிப்பானுவ, கேள்விய விட்டுருவானுவ. வருஷத்துக்கு வருஷம் அதுல புதுசா ரெண்டு வரி சேப்பேன்.

அப்படி இருக்கும்போது போன வருஷம் ஆடியில ஒரு ஆளு மொபெட்டுல வந்து டீக்கடையில எறங்குனாரு. கையில ரெக்சின் பை. ரேசன் கார்டு சரிபாக்குத ஆளுன்னு நெனச்சேன். 'இங்க தவசிக்கண்ணு வீடு எது?'ன்னாரு. 'அவரு வீடு மாத்திப் பதினாலு வருஷம் ஆச்சு, மேல போயிட்டாரு, நான் அவரு மகன்தான், என்ன விசயம்?'னேன். பயலுவ சிரிச்சானுவ. அந்த ஆளும் லேசாச் சிரிச்சாரு. 'கொம்பையா ஒங்களுக்கு மாமாதான? அவரு வெளிய வந்தா ஒங்களுக்கு எப்படி இருக்கும் தம்பி?'ன்னாரு.

அவரு யாரு, எதுக்குக் கேக்காரு, ஒண்ணும் யோசிக்கல அண்ணாச்சி. நாலு பயலும் என் வாயவே பாத்துட்டு இருக்கானுவ. என் பாட்டு ஓடிருச்சு. 'வரட்டும் சார். பதினாலு வருஷமா எங்க வீட்டு அருவாளுக்கு நல்லெண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிட்டு இருக்கேன். பஸ்ஸ விட்டு எறங்க விட மாட்டேன். படியிலயே வச்சு, கண்டக்டர்ட்ட மேலோகத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கிக் கையில குடுத்துருவேன். சில்லறை பாக்கிய எங்கப்பாட்ட வாங்கிக்கிடச் சொல்லிருவேன்.'

கடை அதுருது சிரிப்புல. ஜெபராஜ் அண்ணன் டீய வெளிய ஊத்திட்டாரு. எங்க வீட்டுல அருவாளே கெடையாது அண்ணாச்சி. அருவாமணைதான் இருக்கு, அதுவும் மொக்கை, கத்தரிக்காய் வெட்டுனா கத்தரிக்காய் நம்மளப் பாத்துச் சிரிக்கும்.

அந்த ஆளு சிரிச்சுக்கிட்டேதான் எழுதுனாரு. 'கையெழுத்துப் போடுங்க தம்பி'ன்னாரு. போட்டேன். வாசிச்சேனான்னா, வாசிக்குத பழக்கம் இருந்தா நான் ஏன் குட்டியானை ஓட்டுதேன். ஆட்டோகிராப் மாதிரி கீழ ரெண்டு கோடு வேற போட்டுக் குடுத்தேன்.

அவரு நன்னடத்தை ஆபீசராம். பதினாலு வருஷம் முடிச்ச ஆளுகள முன்கூட்டி விடுததுக்கு ஒரு கமிட்டி இருக்கு. விடுததுக்கு முன்னால, செத்தவன் வீட்டுல போயி, ஒங்களுக்கு ஆட்சேபனை உண்டா, இந்த ஆளு வந்தா ஏதும் கலவரம் வருமான்னு விசாரிக்கணுமாம். எங்கம்மா அன்னைக்கித் தீப்பெட்டி ஆபீஸ்ல. அவளுக்கு விசயம் தெரியும், ஆபீசர் வருவாருன்னு ஒரு மாசமாக் காத்துட்டு இருந்திருக்கா. எனக்குச் சொல்லல. ஏன் சொல்லலன்னு கேளுங்க. தப்பு அங்கதான ஆரம்பிக்கி? வீட்டுல ஒரு ஆம்பளப் பிள்ள இருக்கான், ஒரு வார்த்தை சொல்லணுமா இல்லையா?

ரெண்டு மாசம் கழிச்சு எங்கம்மா மனுவுக்குப் போயிட்டு வந்தா. வந்தவ சோறு போட்டா. நான் தின்னு முடிக்க வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தா. பொறவு கேட்டா, "இசக்கி, ஆபீசர்ட்ட என்னய்யா சொன்ன?"

"எந்த ஆபீசர்?"

"மாமன விட முடியாதுன்னுட்டாங்க. வெளிய வந்தா அவன் உசுருக்கு ஆபத்தாம். செத்தவரு மகன் வெட்டிருவேன்னு எழுதிக் குடுத்திருக்கானாம்."

நான் சிரிச்சேன் அண்ணாச்சி. சத்தியமாச் சிரிச்சேன், வேற என்ன செய்யன்னு தெரியல. பாத்துக்கிடுங்க, ஒரு ஆளு கொலை செஞ்சதுக்குப் பதினாலு வருஷம் ஜெயிலு. அதுக்கு மேல இருக்கது நான் கொலை செஞ்சிரக் கூடாதுன்னு. செய்யப் போறவன் வெளிய டீ குடிக்கான், சாவப் போறவன் உள்ள இருக்கான். இது என்ன கணக்கு?

எங்கம்மா அடிக்கல. அடிச்சிருந்தா தேவல. "அவன் எனக்காவ உள்ள போனான்யா"ன்னு மட்டும் சொன்னா. எச்சித் தட்ட எடுத்துட்டுப் போயிட்டா.

அதோட விட்டுச்சான்னா, இல்ல. ஸ்டேசன்லேருந்து ஆளு வந்துட்டான். ஏட்டையா கேக்காரு, "நீதானால அருவாளுக்கு எண்ணெ தேய்க்கவன்?" தாலுகா ஆபீஸ்ல கொண்டு போயி நிறுத்தி, ஒரு வருஷத்துக்கு ஒழுங்கா இருப்பேன்னு எழுதி வாங்குனாங்க. எனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது யாருங்கிய? ஜெபராஜ் அண்ணன். டீக்கடையே கூடி நின்னு என்னைய மீட்டுச்சு. பயலுவளுக்கு அன்னைக்கி ஒரே கொண்டாட்டம், ரவுடின்னு கூப்புட ஆரம்பிச்சுட்டானுவ.

நான் அந்த ஆபீசரைத் தேடிப் போனேன். 'சார், அது வெளாட்டுக்குச் சொன்னது சார். நீங்களும் சிரிச்சீயளே சார்'னேன். அவரு கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாரு. "நான் சிரிச்சது நெசந்தான் தம்பி. ஆனா நீ வெளாட்டுக்குச் சொன்னன்னு நானா முடிவு பண்ணி எழுதி, நாளைக்கி அந்த மனுசன் ரோட்டுல செத்துக் கெடந்தா, ஒங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்லுவா?"

இதுக்கு என்ன சொல்லுவிய நீங்க? நல்ல ஆளுதான், ஆனா மோசமான ஆளு. புதுசா விண்ணப்பம் போடலாம்னாரு. எங்கம்மா கையெழுத்து, என் கையெழுத்து, எங்களுக்கு ஆட்சேபனை இல்லன்னு. ஆனா விண்ணப்பம் கைதி போட்டாத்தான் செல்லும், மாமா கையெழுத்து வேணும்னாரு.

அங்கதான் வம்பு. மாமா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. 'அவன் கோவம் நியாயம். அவன் விடக்கூடாதுன்னா நான் வரக்கூடாது'ன்னு எங்கம்மாட்டச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போனவரு, பொறவு மனுவுக்கே வரல. எங்கம்மா போயி நிப்பா. வார்டர் வந்து 'வரமாட்டேங்காரும்மா'ன்னுட்டுப் போவாரு. வாழைப்பழத்தத் திருப்பிக் கொண்டு வருவா. நாலு மாசம் அந்தப் பழத்த நான்தான் தின்னேன் அண்ணாச்சி.

பொறவு நான் போக ஆரம்பிச்சேன். வாழ்க்கையில முத தடவை. மனுச் சீட்டுல கைதி பேரு, ஒங்க பேரு, உறவுன்னு மூணு கட்டம் இருக்கும். உறவுல 'மருமகன்'னு எழுதிக் குடுப்பேன். வரமாட்டேங்காரு. அடுத்த மாசமும் மருமகன். வரமாட்டேங்காரு. மூணு தடவை.

இன்னைக்கி எரிச்சல்ல இருந்தேன். காலையில சாப்பிடல, வரிசையில ரெண்டு மணி நேரம் நின்னாச்சு. உறவுங்க கட்டத்துல 'தவசிக்கண்ணு மகன்'னு எழுதுனேன். வேணும்னுதான். அங்க இருந்த ரைட்டர், 'இது என்ன உறவுல?'ன்னாரு. 'எனக்கும் தெரியல சார், உள்ள போயிக் காட்டுங்க'ன்னேன்.

வந்துட்டாரு அண்ணாச்சி.

மொகம் கழுவி, தலை சீவி, வெள்ளைச் சட்டையில பொத்தான எல்லாம் போட்டு, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்னாரு. என்னையத் தோள்ல வச்சுத் தேரு காட்டுன ஆளு அது. இப்ப முதுகு வளைஞ்சு போயி, நான் குனிஞ்சு பாக்க வேண்டியிருக்கு. கையக் கட்டிக்கிட்டாரு. கோர்ட்டுல நிக்க மாதிரி.

"வாங்க"ன்னாரு.

என்னைய. வாங்கன்னு. வாடான்னு சொல்ல வேண்டிய மனுசன்.

அங்க ஒரு ஹால்ல அம்பது பேரு ஒரே நேரத்துல கத்துவாங்க. இந்தப் பக்கம் ஒரு பொம்பள பிள்ளைக்குக் காது குத்துனதச் சொல்லுதா, அந்தப் பக்கம் ஒருத்தன் வக்கீல வைதுட்டு இருக்கான். ரகசியம் பேசணும்னாலும் தொண்டை கிழியக் கத்தணும். நானும் கத்துனேன். "மாமா, அது வெளாட்டுக்குச் சொன்னது!"

காதுல கைய வச்சாரு. கேக்கல.

"வெளாட்டுக்கு மாமா! வெட்டுவேன்னது! டீக்கடையில பயலுவளச் சிரிக்க வைக்கச் சொன்னது!"

"எது?"

"அருவாளு! அருவாளே இல்ல மாமா நம்ம வீட்டுல!"

பக்கத்துல கத்துனவனெல்லாம் நிறுத்திட்டு என்னையப் பாத்தான். அதனால அவருக்கு நல்லாக் கேட்டுருச்சு. கட்டுன கையக் கீழ விட்டாரு.

"அப்ப, கோவம் இல்லையா?"

"இல்ல மாமா."

"கொஞ்சங்கூடவா?"

"ஒரு துளி இல்ல மாமா. சத்தியமா. எங்கம்மா மேல சத்தியமா. எனக்கு ஒங்க மேல ஒரு நாளும் கோவமே வந்ததில்ல."

சந்தோசமாச் சொன்னேன் அண்ணாச்சி. பேப்பர வார்டர்ட்டக் குடுத்து உள்ள குடுக்கச் சொன்னேன். மாமா, பேனா இருக்கு, ஒரு கையெழுத்து, ஒரே ஒரு கையெழுத்து, ஆறு மாசத்துல வீட்டுக்கு வந்துரலாம், எங்கம்மா ஒங்களுக்குன்னு உள்ரூம ஒழிச்சு வச்சிருக்கான்னு சொல்லிட்டே இருக்கேன். அவரு பேப்பரப் பாக்கவே இல்ல. வலையில வெரல விட்டுப் புடிச்சிக்கிட்டாரு. நம்ம சட்டையப் புடிக்க மாதிரி.

அதுக்குள்ள நேரம் முடிஞ்சு மணி அடிச்சுட்டான். சனம் கலைஞ்சிருச்சு. அப்பத்தான் அவரு பேசுனாரு. மெதுவாத்தான் பேசுனாரு.

"கேஸு நடக்கும்போது எனக்காவப் பேச ஊரே வந்துச்சுய்யா. நல்லவன், தங்கச்சிக்காவச் செஞ்சான்னு சொன்னாங்க. தவசிய என்னன்னு சொன்னாங்க தெரியுமா? குடிகாரன். அவ்வளவுதான். ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு அவனுக்காவ என் மொகத்துல காறித் துப்பல. ஒங்கம்மாகூடத் துப்பல. நான் அவனோட பத்து வருஷம் மூடை தூக்குனேன். மழையில என் தலையில அவன் சாக்கப் போட்டுட்டு நனைஞ்சுட்டு வருவான். அப்படி ஒருத்தன் செத்திருக்கான், ஒருத்தனுக்கும் கோவம் இல்ல."

வலையிலேருந்து வெரல எடுக்காமலே மேல சொன்னாரு.

"நீ சொன்னத சூப்பிரண்டு ஐயா எனக்கு வாசிச்சுக் காட்டுனாரு. எல்லாரும் என்னையப் பாவம்னு பாத்தாங்க. எனக்கு நெஞ்சுப் பாரம் எறங்கிருச்சுய்யா. சரி, தவசிக்கு ஒரு ஆளு இருக்கான். மகன் இருக்கான். நான் செஞ்சது என்னன்னு தெரிஞ்ச ஒருத்தன் வெளிய இருக்கான்னு." நிமிந்து என்னையப் பாத்தாரு. "அதுவும் வெளாட்டா?"

வார்டர் வந்து தோளத் தட்டுனாரு. பேப்பர அப்படியே திருப்பிக் குடுத்தாரு மாமா. மடிப்புகூடக் கலையல.

"ஒங்கம்மாட்டச் சொல்லிரு. அவனுக்குன்னு ஒரு ஆளு வேணும்லா. வெளிய இல்லன்னா நான் உள்ள இருந்துட்டுப் போறேன்."

போயிட்டாரு.

என்ன மனுசன் அண்ணாச்சி இவரு? உள்ளயே இருந்து இருந்து மூளை கொழம்பிருச்சுன்னுதான் நெனைக்கேன். நீங்க என்ன நெனைக்கிய? ஜெயிலு எதுக்கு? தப்பு செஞ்சவன் திருந்தத்தான? திருந்திட்டாரு, இனிமே திருந்த எடமே இல்ல, அவ்வளவு திருந்திட்டாரு. பொறவும் வரமாட்டேன்னா என்ன அர்த்தம்? கவர்மென்ட்டே விடுதேங்குது, செத்தவன் பொண்டாட்டி விடுதேங்கா, மகன் விடுதேங்கான், இவரு மட்டும் விட மாட்டேங்காரு.

ஆனா ஒண்ணு அண்ணாச்சி. அவரு கேட்டது உண்மைதான? எனக்கு ஏன் கோவம் வரல? எங்கப்பாவ நெனச்சுப் பாக்கேன், மொகமே வரல. வீட்டுல போட்டோ கெடையாது, எங்கம்மா மாட்டல. பஸ் ஏறுனதுலேருந்து நெனச்சு நெனச்சுப் பாத்து ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. ஒரு பொரட்டாக் கடை. என்னைய மேசை மேல உக்கார வச்சு, பொரட்டாவப் பிச்சுப் பிச்சு எலையில போடுதாரு. சால்னா சூடா இருக்குன்னு ஒவ்வொரு வாயா ஊதித் தாராரு. மொகம் தெரியல, ஊதுத வாயி மட்டும் தெரியுது. குடிச்சிருந்தாரா என்னான்னு தெரியல. அந்த வாய்தான் எங்கம்மாவ வைததும்.

இத வச்சு எப்படிக் கோவப்பட? எங்கேருந்து ஆரம்பிக்க?

ஏ, நம்ம ஸ்டாப்பு வந்துருச்சு போல. அண்ணாச்சி, எந்திரிக்காதிய, எந்திரிக்காதிய. கொஞ்சம் முன்னால சாஞ்சு உக்காருங்க, நான் ஒங்களுக்குப் பின்னால குனிஞ்சுக்கிடுதேன். அந்த நிழற்கொடைக்குக் கீழ பச்சை சேலையில ஒருத்தி நிக்காளா? அவதான் எங்கம்மா. ஆபீஸ்ல பாதி நாளு லீவு சொல்லிட்டு வந்து நிக்கா. கையெழுத்து வாங்கிட்டு வருவேன்னு சொல்லிட்டுப் போனேன், காலையில ரொம்ப வாய் பேசிட்டுப் போனேன்.

ஜன்னல் ஜன்னலாவா பாக்கா?

கண்டக்டர், யாரும் எறங்கல, விசில் குடுங்க. அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் காசு தாரேன், ரெண்டு கிலோமீட்டர்தான், நடந்து வந்துருவேன். விசில் குடுங்கண்ணே.

அண்ணாச்சி, பஸ் எடுத்தாச்சுல்லா? பாத்துச் சொல்லுங்க. இன்னும் அங்கயேதான் நிக்காளா?